சக்கரத்தின் மேல் ஒரு வீடு

ஓடுகிற வண்டியைச் சட்டம் அதிகமாகத் தொந்தரவு செய்வதில்லை. விளக்கு எரிகிறதா, வேகம் மட்டாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடும். நிற்கிற வண்டியிடம்தான் அதற்குச் சந்தேகம். அதிலும் வண்டிக்குள்ளே படுக்கையும் அடுப்பும் இருந்துவிட்டாலோ, "நீ வண்டியா, வீடா?" என்று குறுக்கு விசாரணையே ஆரம்பித்துவிடும். மேல்நாடுகளில் நூற்றைம்பது வருஷங்களாக இந்த விசாரணை நடந்துவருகிறது. தீர்ப்பு இன்னும் முடிவாகவில்லை.

நம் ஊரில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறுகிற குளிர்சாதன வண்டி. சொல்லின் பூர்வீகம் பாரசீகம். ஒட்டகங்களோடு கூட்டமாகப் பாலைவனம் கடந்த பிரயாணிகளை அங்கே 'கார்வான்' என்றார்கள். நம் பழந்தமிழில் வணிகர் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். கள்வர் பயத்தால் சேர்ந்தே நடந்தார்கள், சேர்ந்தே இரவைக் கழித்தார்கள். கூட்டத்தைக் குறித்த சொல் இங்கிலாந்துக்குப் போய், மூடு வண்டியைக் குறிக்கலாயிற்று. அதன் வாலை மட்டும் நறுக்கி எடுத்ததுதான் 'வேன்'. பள்ளிக்கூடத்துக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகிறதே, அந்த வேனுக்கும் ஒட்டகத்துக்கும் இப்படி ஓர் உறவு!

உல்லாசத்துக்காக வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்களில் முதல்வராக எல்லோரும் சொல்வது கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரை. கடற்படையில் டாக்டராக இருந்தவர். பிறகு சிறுவர்களுக்காகக் கடல் சாகசக் கதைகளை எழுதிக் குவித்தார். கதை எழுதிப் பிழைத்தவர் என்பதால் எனக்கு அவரிடம் தொழில் முறையில் ஓர் அபிமானம் உண்டு.

1885-ல், ரெயில் பெட்டிகள் கட்டுகிற பிரிஸ்டல் தொழிற்சாலை ஒன்றில் அவர் தமக்கென்று ஒரு வண்டி செய்யச் சொன்னார். உயர்ந்த மஹாகனி மரத்தில் வேலைப்பாடு, புத்தக அலமாரி, சோபா, சமையலறை எல்லாம் அதில் இருந்தன. எடை சுமார் இரண்டு டன். 'வாண்டரர்', அதாவது நாடோடி, என்று பெயர் வைத்து, தரைமேல் ஓடும் உல்லாசக் கப்பல் என்று பெருமையும் அடித்துக்கொண்டார். இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஒரு வண்டிக்காரன், ஒரு பணியாள், ஒரு நாய், ஒரு கிளி சகிதமாக, தெற்கே ட்வைஃபோர்டு என்ற கிராமத்திலிருந்து வடகோடி இன்வெர்னஸ் வரை சுமார் 1,300 மைல் போனார். மறு வருஷம் அந்தப் பிரயாணத்தைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார்.

இந்தப் பிரயாணத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் அந்தப் பணியாள்தான். மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை மிதித்துக்கொண்டு அவன் வண்டிக்கு முன்னால் போவான். கிராமத்துச் சாலைகள் குறுகலானவை; எதிரே வண்டியோ புகை கக்கும் நீராவி எஞ்சினோ வந்தால் ஒதுங்க இடமிராது. முன்கூட்டியே பார்த்து எச்சரிப்பது அவன் வேலை. இன்று பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உயரம், அகலம், எடை என்று ஒரு புத்தகம் நிறைய விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளுக்கெல்லாம் மூதாதை அந்தச் சைக்கிள்காரன் என்றே நான் நினைக்கிறேன். சாலையைவிடப் பெரிய வாகனத்தைக் கொண்டுபோகிறவன், தனக்கு முன்னால் தன் கவலையை அனுப்பிவைக்க வேண்டும்.

ஸ்டேபிள்ஸுக்குச் சாலையில் அபாயம் இருந்தது. சட்டத்தால் அபாயம் இருக்கவில்லை. இரவானால் சத்திரத்து முற்றத்திலோ, பண்ணையார் ஒருவரின் புல்வெளியிலோ கேட்டு நிறுத்திக்கொண்டார். போகிற ஊரெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். "நான் ஒரு ஜிப்ஸி கனவான்" என்று தம்மைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கனவானாக இல்லாத ஜிப்ஸியின் கதை வேறு. ரோமானி மக்கள் எனப்படும் அவர்களுடைய பூர்வீகம் நம் இந்தியாவின் வடபகுதி என்பதை அவர்கள் பேசும் பாஷையே சொல்கிறது. இங்கிலாந்துக்காரர்களோ அவர்களை எகிப்தியர் என்று நினைத்துக்கொண்டு அப்படியே பெயரிட்டார்கள். 1530-ல் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஒரு சட்டம் பிறந்தது. 1554-ல், போகாமல் தங்கினால் மரண தண்டனை என்று இன்னொன்று. இந்தக் கொடுமை ஏட்டிலிருந்து நீங்க 1783 வரை ஆயிற்று.

அப்போதும் நிம்மதி பிறந்ததா? 1824-ம் வருஷத்து நாடோடிச் சட்டம் வந்தது. பிழைக்க வழி இன்னதென்று கண்ணுக்குத் தெரியாமல், ஊர் சுற்றிக் கூடாரத்திலோ வண்டியிலோ படுத்துறங்குகிறவன் குற்றவாளி என்றது அது. 1835-ம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டமோ, சாலையோரத்தில் கூடாரமடித்துத் தங்கும் ஜிப்ஸிக்கு அவன் இனத்தின் பெயரைக் குறிப்பிட்டே அபராதம் விதித்தது.

வண்டியில் படுத்துறங்குவது மட்டும் இங்கே குற்றமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிழைப்புக்கு வழியில்லாமல் படுத்துறங்குவதுதான் குற்றம். டாக்டர் ஸ்டேபிள்ஸ் வண்டியில் தூங்கினார், ஜிப்ஸியும் வண்டியில் தூங்கினான். ஒருவருக்குப் பாங்கிக் கணக்கு இருந்தது, மற்றவனுக்கு இல்லை. அவர் செய்தது பிரயாணம் ஆயிற்று. அவன் செய்தது திரிதல் ஆயிற்று.

வாண்டரர் புறப்பட்ட அதே காலத்தில் கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் பார்லிமெண்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சிறு பிராயத்தில் செங்கல் சூளையில் உழைத்தவர் அவர். சூளைக் குழந்தைகளுக்காகப் போராடி 1871-லும், கால்வாய்ப் படகுகளில் குடியிருப்போருக்காகப் போராடி 1877-லும் சட்டம் கொண்டுவரச் செய்தவர். அடுத்தபடியாக வண்டி வீடுகளை எல்லாம் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும், குழந்தைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று ஒரு மசோதாவை வருஷக் கணக்கில் முயன்று பார்த்தார்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் வண்டியில் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருவிழாக்களில் ராட்டினமும் கூத்தும் நடத்திப் பிழைத்தவர்கள் வெகுண்டெழுந்து 1889-ல் வண்டிவாசிகள் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மசோதா சட்டமாகாமலே போயிற்று. நல்லவர்களுடைய நல்லெண்ணத்திலிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஜனங்களுக்குச் சங்கம் தேவைப்படுகிறது!

கனவான்களும் சங்கம் வைத்தார்கள். 1907-ல் லண்டனில் 'கேரவன் கிளப்' தோன்றியது. ஸ்டேபிள்ஸ் அதன் உபதலைவர்களில் ஒருவர். வேறொன்றையும் சாதிக்காவிட்டாலும் ஒன்றை அந்தக் கிளப் தன் அங்கத்தினர்களுக்குத் தேடிக் கொடுத்தது: இரவில் நிறுத்திக்கொள்ள மரியாதையான இடம். எங்கே எந்த நிலச்சொந்தக்காரர் அனுமதிப்பார் என்று தெரிந்துவிட்டால் பிரயாணத்தில் பாதிக் கவலை தீர்ந்தது.

மோட்டார் வந்தது. 1910-ல் அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ கம்பெனி நியூயார்க்கில் ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின்னாசனத்தை மடக்கினால் கட்டில், டிரைவருக்குப் பின்னால் கைகழுவும் தொட்டி, டிரைவரோடு பேச டெலிபோன். 1915-ல் கான்க்லின் என்ற கோடீசுவரர் நியூயார்க் பக்கத்திலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குக் குடும்பத்தோடு போக எட்டு டன் எடையில் ஒரு பஸ்ஸையே கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஜிப்ஸி வேன்'! ஜிப்ஸியை ஊரைவிட்டு ஓட்டுகிற ஜனங்களுக்கு அவன் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள என்ன ஆசை, பாருங்கள்.

பணக்காரர் விளையாட்டு சீக்கிரமே நடுத்தரக் குடும்பங்களுக்கும் தொற்றியது. 1919-ல் பிளாரிடாவின் டாம்பா நகரத்தில் 'டப்பா யாத்திரிகர் சங்கம்' பிறந்தது. டப்பாவில் அடைத்த உணவைத் தின்று, சொந்தக் காரில் ஊர் சுற்றினவர்கள் அவர்கள். காரின் முகப்பில் தகர டப்பாவைப் பொருத்திக்கொள்வதே அங்கத்தினருக்கு அடையாளம். தங்கிய இடத்தைச் சுத்தமாக விட்டுப் போவது அவர்களுடைய முக்கியமான கொள்கை. விருந்தாளி குப்பை போட்டால் அடுத்த விருந்தாளிக்குக் கதவு திறக்காது என்று அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

1930-களில் பொருளாதார மந்தம் வந்தபோது கதை தலைகீழாயிற்று. காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் டிரெய்லர் வீடு, விடுமுறைக்கு வாங்கினவர்களுக்கே நிரந்தர வீடாயிற்று. வேலை தேடி ஊர் ஊராகப் போனவர்களுக்கு அதுவே சொத்து, அதுவே சுகம். உடனே நகரசபைகளுக்குக் கவலை பிறந்தது. வரி கட்டாத ஜனங்கள், ஜலதாரை இல்லாத வீடுகள்! முன்பு தாங்களே திறந்துவைத்த முகாம்களை ஊர்கள் பல மூடின; தங்கலாம் என்ற நாட்களையும் எண்ணிக் குறைத்தன.

1936-ல் மிச்சிகன் மாநிலத்தில், ஆர்ச்சர்டு லேக் என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு வழக்கு. டிரெய்லர் என்பது சக்கரம் இருந்தாலும் மனிதர் குடியிருக்கும் வீடுதான், ஆகவே ஊரின் வீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று நீதிபதி சொன்னார். அந்தச் சட்டப்படி அதை அங்கே வைத்திருக்கக் கூடாது.

அதே கேள்வி 1985-ல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்துக்கே போயிற்று. ஸான்டியாகோ நகரத்தில் நிறுத்தியிருந்த மோட்டார் வீடு ஒன்றில் போலீஸார் வாரண்டு இல்லாமல் புகுந்து போதைப் பொருள் எடுத்துவிட்டார்கள். வீடென்றால் வாரண்டு வேண்டும், வண்டியென்றால் வேண்டாம். சாலையில் ஓடக்கூடியது, லைசென்ஸ் உள்ளது, ஆகவே வண்டிதான் என்று தலைமை நீதிபதி பர்கர் எழுதினார். ஆறு பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். எதிர்த்த ஸ்டீவன்ஸ் கேட்டது நியாயமான கேள்வி: திரைச்சீலை இழுத்து மூடி நிற்கிறது, நீதிமன்றமோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஒரு வாரண்டு வாங்கிவர என்ன கஷ்டம்?

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வந்தது. முதலதில், வெளியேற்ற வேண்டியிருந்ததால் அது வீடு. இரண்டாவதில், உள்ளே நுழைய வேண்டியிருந்ததால் அது வண்டி. இரண்டிலும் தோற்றவர் உள்ளே இருந்தவர்தான். இரண்டுக்கும் சட்ட நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பெயர் உள்ள பொருளுக்கு, எந்த நேரத்தில் எந்தப் பெயர் என்று முடிவு செய்கிறவர் ஒருபோதும் அதில் வசிப்பவராக இருப்பதில்லை.

மறுபடி இங்கிலாந்துக்கு வருவோம். இரண்டாவது உலக யுத்தத்தில் வீடிழந்தவர்கள் அநேகம் பேர் கேரவன்களில் குடியேறினார்கள். 1959-ல் ஸர் ஆர்ட்டன் வில்ஸன் சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,50,000 பேர் கேரவன்களில் வாழ்வதாகக் கணக்கிட்டது. சாக்கடையும் குடிநீரும் சரியில்லாத இடங்கள் பல. 1960-ல் சட்டம் வந்தது. கேரவன் நிறுத்தும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும்; வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும்; தண்ணீர், கழிவிடம், தீயணைக்கும் சாதனம் எல்லாம் வேண்டும். எல்லாம் நியாயம். நெருக்கி நிறுத்திய வண்டிகளில் ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும்.

ஆனால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு சலுகையும் இருந்தது. உல்லாசப் பிரயாணச் சங்கங்களுக்கு விலக்குக் கொடுத்து, ஐந்து வண்டிகள் வரை நிற்கக்கூடிய சிறு இடங்களை அவையே தம் அங்கத்தினர்களுக்குச் சான்று செய்து கொடுக்கலாம் என்றார்கள். ஜிப்ஸிக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. அவன் தலைமுறை தலைமுறையாக ஒதுங்கியிருந்த இடங்களுக்கு யாரும் லைசென்ஸ் வாங்கவில்லை. ஊர்ப் பொது நிலங்களையும் மூட நகரசபைகளுக்கு அதிகாரம் கிடைத்தது. ஒரே சட்டம் ஒருவனுக்கு ஆயிரம் புல்வெளிகளைத் திறந்தது, இன்னொருவனைச் சாலையோரத்துக்குத் தள்ளியது. சட்டம் எழுதினவர்கள் இதை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நினைக்காமல் எழுதினதுதான் சங்கடம்.

எரிக் லபக் என்ற லிபரல் அங்கத்தினர் இந்தச் சங்கடத்தைக் கண்டு 1968-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஜிப்ஸிகளுக்கு இடம் ஒதுக்குவது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்றது அது. பல ஊர்களில் இடம் கிடைத்தது. பல ஊர்களில் தட்டிக் கழித்தார்கள். 1994-ல் அந்தக் கடமையையே நீக்கிவிட்டார்கள். 2022-ல், அனுமதியில்லாத நிலத்தில் வண்டியோடு தங்கினால் சிறைக்கு அனுப்பலாம், வண்டியையும் கைப்பற்றலாம் என்றார்கள். விரட்டப்பட்டவர் பன்னிரண்டு மாதம் திரும்பி வரக் கூடாது என்ற பகுதி மனித உரிமைக்கு ஒவ்வாது என்று 2024 மே மாதத்தில் லண்டன் உயர்நீதிமன்றம் அறிவித்தது.

அமெரிக்காவிலும் இதே இழுபறி. வண்டியைக் குடியிருப்பாக உபயோகிக்கக் கூடாது என்ற லாஸ் ஏஞ்சலீஸ் நகர விதி எதைத் தடுக்கிறது என்றே புரியாதபடி மழுப்பலாக இருக்கிறது என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிற்று. மழை வரும்போது காரில் ஒதுங்கினவரையும், காரில் சாமான் வைத்திருந்தவரையும் அந்த விதியின் பேரால் பிடித்திருந்தார்கள். ஆனால் 2024-ல், பொது இடத்தில் படுக்கை விரிப்பதைத் தண்டிக்கும் ஒரேகன் மாநிலத்து நகரம் ஒன்றின் விதிகள் செல்லும் என்று தலைமை நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. உல்லாச வண்டிக்காரருக்கு அந்த இரவு வேறு ஊரில் முகாம் கிடைக்கும். போக்கிடம் இல்லாதவருக்கு அடுத்த ஊரிலும் அதே பலகைதான் காத்திருக்கும்.

நாம் இதைத் தூரத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஊர் சுற்றுகிறவன் பிறவியிலேயே குற்றவாளி என்ற அந்த எண்ணத்தை வெள்ளைக்காரர்கள் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணமும் அதில் அடங்கியது. மாட்டின் மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்த குறவர்கள் கைநாட்டு வைத்து, போகிற இடத்தையெல்லாம் போலீஸாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது. நாடு முழுவதும் அது தொலைந்தது 1952-ல்தான்.

பாதுகாப்பு என்று சொல்கிறார்களே, அது என்ன? சக்கர வீட்டில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அபாயங்கள் உண்மையானவை. கனமான சாமான்களைத் தாழ்வாக, அச்சுக்கு மேலே அடுக்க வேண்டும். பின்புறம் ஏற்றினால் இழுவை வண்டி பாம்பு போல நெளியும். நெளியத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தக் கூடாது; காலை மெல்ல எடுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் தரையில் துவாரம் விட்டிருப்பார்கள். குளிருக்குப் பயந்து அதைக் கந்தலால் அடைக்கிறவர் தம் கையாலேயே தமக்குக் கேடு தேடிக்கொள்கிறார். அடுப்பு சரியாக எரியாவிட்டால் வருகிற கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சட்ட விதிகளும் உண்டு. பிரிட்டனில் கேரவன் இழுக்கும் கார் தனிச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார் பெருவழியில் 60 மைல் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கச் சாலைகளில் வாயு சிலிண்டரோடு நுழையக் கூடாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்க ஒன்று தேவை. வெளிச்சமும் தண்ணீரும் உள்ள இடத்தில், நடுநிசியில் யாரும் கண்ணாடியைத் தட்டமாட்டார்கள் என்ற தைரியத்தோடு, நிறுத்திவைக்க ஓர் இடம். அது இருப்பவன் சிலிண்டரைச் சோதிப்பான், டயரைப் பார்ப்பான், நன்றாகத் தூங்கி எழுந்து நிதானமாக ஓட்டுவான். அது இல்லாதவன் துவாரத்தை அடைப்பான், திரையை மூடி விளக்கை அணைப்பான், தூக்கக் கலக்கத்தோடு விடியுமுன் கிளம்புவான். விரட்டப்படுகிறவனிடம் பாதுகாப்பு விதிகளை எதிர்பார்ப்பது, படகைப் பறித்துக்கொண்டு நீச்சல் விதிகளைப் படித்துக்காட்டுவது போலத்தான்.

ஸ்டேபிள்ஸ் டாக்டரின் வாண்டரர் வண்டி இன்றும் அழியாமல் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதற்கு என்றைக்குமாக ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவர் எந்த வண்டியைப் பார்த்து அதைச் செய்யச் சொன்னாரோ, அந்த வண்டிக்காரரின் பேரப்பிள்ளைகள் இன்றிரவும் எங்கேயோ சாலையோரத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு, வருகிற காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.